மூன்றாம் வகுப்பில் இன்று

கடல் ஊருக்குள் வந்து போன பிறகு பல பொருள்கள் வந்தன. முதலில் அரிசி வந்தது. அப்புறம் பாய். அப்புறம் யாருக்கும் அளவு சேராத பேன்ட்டுகள். பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்தில் ஒலிபெருக்கி வந்தது.

தொடக்கப்பள்ளியின் மொட்டைமாடியில் கம்பம் நட்டு, திசைக்கு ஒன்றாகக் கூம்புகளைக் கட்டினார்கள். ஒன்று கடலைப் பார்த்தது. ஒன்று ஊரைப் பார்த்தது. ஒன்று மரக்காணம் போகிற சாலையை. மிச்சமிருந்த ஒன்று உப்பளத்தை. மறுபடி அலை வந்தால் சைரன் ஊதும். ஊதினால் எல்லாரும் சவுக்குத்தோப்பு மேட்டுக்கு ஓட வேண்டும். ஓடிப் பழகினார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத் தனியாக ஒருநாள் பழக்கினார்கள். தூக்கப்பட்டவர்களுக்கு அன்றைக்கு பிஸ்கட் கொடுத்தார்கள்.

அலை வரவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

கூம்புகளை வாங்கிக் கொடுத்த அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் சிவஞானம் சென்னையிலிருந்து வந்து மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தார். காக்கை எச்சத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். பயன்படுத்தாத கருவியைக் கணக்குத் தணிக்கையில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

"அலை வந்தாதானே சார் யூஸ் பண்ண முடியும்" என்றார் தலைமையாசிரியர் தெய்வசிகாமணி.

"அலைய நம்பி உக்காந்திருக்க முடியாது சார். செப்டம்பர்ல நான் ரிப்போர்ட் குடுக்கணும்."

இருவரும் கீழே இறங்கி வந்து டீ குடித்தார்கள். டீ முடிவதற்குள் 'அறிந்த பெற்றோர்' திட்டம் பிறந்துவிட்டது. பிள்ளை வகுப்பில் என்ன கற்கிறது, என்ன செய்முறை செய்கிறது என்பதைப் பெற்றோர் அன்றன்றைக்கே, வேலை செய்கிற இடத்திலேயே அறிய வேண்டும். ஏழைப் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வர முடிவதில்லை. ஆகவே பள்ளிக்கூடம் அவர்களிடம் போகும்.

பஞ்சநாதனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவன். நீளக் கம்பில் கோத்த பலகையால் பாத்தியில் படிந்த உப்பை இழுத்து வரப்போரம் குவிப்பது அவன் வேலை. பாஞ்சாலையும் மற்ற பெண்களும் அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். அவன் மகள் மலர்கொடி மூன்றாம் வகுப்பு. மனைவி திரௌபதி அலை வந்த அன்றைக்கு மீன் எடுக்க அனுமந்தைக் கரைக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை என்று மகளும் கூடப் போயிருந்தாள். மகளைக் கவிழ்ந்த படகுக்கும் தென்னைக்கும் நடுவிலிருந்து எடுத்தார்கள். திரௌபதியை அப்புறம் எடுத்தார்கள்.

அதிலிருந்து மலர்கொடி பேசவில்லை. சாப்பிட்டாள். தூங்கினாள். தலை வாரிவிட்டால் உட்கார்ந்திருந்தாள். சோறு போதுமென்றால் கையை மறித்தாள். முகாமுக்கு வந்த டாக்டரம்மா அவள் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கோளாறில்லை என்றார்.

"எங்கயாவது பேசுறாளான்னு பாருங்க. ஸ்கூல்ல, பசங்களோட. ஒரு எடத்துல ஒரு வார்த்த வந்துட்டா போதும், மத்த எடத்துலயும் வந்துடும். எங்கயுமே பேசலன்னாதான் பாண்டிக்குக் கூட்டினு போயி ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும்."

பஞ்சநாதனுக்கு உலகத்தில் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் அவள் பேசுகிறாளா?

முதல் தகவல் ஜூலை மாதம் ஒரு முற்பகலில் வந்தது. பெற்றோர் கவனத்தைத் திருப்புவதற்காக அதற்கு முன்னால் சைரன் ஊதினார்கள்.

உப்பளத்தில் இருந்தவர்கள் கூடைகளைப் போட்டுவிட்டுச் சவுக்குத்தோப்புக்கு ஓடினார்கள். பாஞ்சாலை சுமந்துகொண்டிருந்த கூடையோடு கொஞ்ச தூரம் ஓடி, பிறகுதான் அதை இறக்கலாம் என்று நினைவு வந்து போட்டாள். ஊருக்குள்ளிருந்து கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பஞ்சநாதன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். பள்ளிக்கூடம் கடலோரமாக இருந்தது. பலகையைக் கீழே போடவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வழியில் ஒரு வேலியை மிதித்துச் சாய்த்தான். பள்ளி வாசலை அவன் தாண்டும்போது சைரன் நின்றது. தலைக்கு மேலே கூம்பு கனைத்துக்கொண்டது.

"அன்பான பெற்றோர்களே, வணக்கம். மூன்றாம் வகுப்பில் இன்று தாவரத்தின் பாகங்கள் நடத்தப்பட்டன. வேர். தண்டு. இலை. பூ. நன்றி."

வகுப்பறைக்குள் சகாயசெல்வி டீச்சர் மைக்கைப் பிடித்து நின்றிருந்தாள். மைக்கில் இரைச்சல் விழக் கூடாது என்பதால் பிள்ளைகள் எல்லாரும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மலர்கொடியும் வைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். விரலை எடுக்கவில்லை.

"என்னங்க, பலகையும் கையுமா?" என்றாள் டீச்சர்.

பஞ்சநாதன் மூச்சு வாங்கினான். "பூ" என்றான். அவன் காதில் கடைசியாக விழுந்தது அதுதான்.

அன்று சாயங்காலம் சிவஞானத்துக்குப் போனில் தகவல் போனது. ஊரே ஓடியது என்றதும் அவர் மகிழ்ந்தார். ஒரு பாடத்தைக் கேட்டு ஊரே எழுந்து ஓடியதாக அவர் அனுபவத்தில் கிடையாது. சைரனை நிரந்தரமாக்கச் சொன்னார். நிஜமாகவே அலை வந்தால் என்ன செய்வது என்று தலைமையாசிரியர் கேட்டார். சிவஞானம் யோசித்துவிட்டு, அப்போது சைரனை நிறுத்திவிடலாம் என்றார்.

அப்புறம் நாள்தோறும் சைரன் ஊதியது. முதல் வாரம் ஓடினார்கள். இரண்டாம் வாரம் எழுந்து நின்றார்கள். பிறகு சைரன் ஊதினால் பாஞ்சாலை வெற்றிலையை எடுத்தாள்.

"இன்னிக்கு என்னாவாம்?"

"கழித்தல் கணக்கு" என்றான் ராமதாஸ். அவன் பஞ்சநாதனுக்குப் பக்கத்துப் பாத்தி. அவனுக்குப் பிள்ளை கிடையாது. ஆனாலும் அவனுக்கும் தகவல் வந்துகொண்டிருந்தது. "கடன் வாங்கிக் கழிக்கிறதாம்க்கா."

"அத எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல."

திட்டம் வளர்ந்தது. நடத்திய பாடம் மட்டும் போதாது, பாடத்தின் நோக்கமும் தெரிய வேண்டும் என்றார்கள். நோக்கம் தெரிந்தால் பலனும் தெரிய வேண்டும். அத்தனையையும் சகாயசெல்வி டீச்சர் முதல்நாளே எழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். டீச்சர் பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பஸ்ஸிலும் எழுதினாள். வகுப்புக்குள் வந்தும் எழுதினாள். எழுதும்போது பிள்ளைகள் வாயில் விரல் வைத்திருந்தார்கள். வாசிக்கும்போதும் வைத்திருந்தார்கள். நடுவில் எடுக்கச் சொல்ல அவளுக்குச் சில நாள் மறந்துபோனது.

பஞ்சநாதன் நேரில் பார்த்துவிடலாம் என்று வேலை விட்டு வரும்போது பள்ளியின் பக்கவாட்டு சன்னலில் போய் நின்றான். முன்பெல்லாம் பெற்றோர் அங்கே நின்று எட்டிப் பார்ப்பது வழக்கம்தான். சில பெண்கள் சன்னல் கம்பி வழியாகவே பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டுப் போவார்கள். இப்போது வெளிச் சத்தம் மைக்கில் விழாமலிருக்க சன்னலுக்குக் கோணி கட்டியிருந்தது. கோணியில் கை வைப்பதற்குள் தலைமையாசிரியர் வந்துவிட்டார்.

"என்னாப்பா பண்ற?"

"எம் பொண்ணப் பாக்கலாம்னு சார்."

"பெற்றோர் இங்க நிக்கக் கூடாது."

"எப்பவும் நிப்பமே சார்."

"அது அப்ப. இப்பதான் எல்லாம் அங்கயே வந்து சொல்றோம்ல? நீ இங்க வந்து நின்னா என்னா அர்த்தம்? தகவல் வந்து சேரலன்னு அர்த்தம். பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

"தகவல் வருதுங்க சார். எம் பொண்ணு பேசுதான்னுதான் தெரியல."

தெய்வசிகாமணி அவனை இரக்கத்தோடு பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அலை வந்த அன்று பள்ளிக்கூடத்தைத் திறந்து ஊரையே படுக்க வைத்தவர். "கேளுப்பா. கூம்பக் கவனமா கேளு. வரும்."

அவன் கேட்டான். மற்றவர்கள் வெற்றிலை போடும்போதும் அவன் பலகையை நிறுத்திவிட்டுக் கூம்பைப் பார்த்து நின்று கேட்டான். இலையின் வகைகள் வந்தன. நம் நண்பர்கள் வந்தார்கள், தபால்காரர் உட்பட. ஆகஸ்டில் ஒருநாள் அவன் மகள் பெயரே வந்தது.

"மூன்றாம் வகுப்பில் இந்த வார அமைதி நட்சத்திரம், பி. மலர்கொடி. தந்தை பெயர் பஞ்சநாதன். உப்பளத் தொழிலாளி. மற்ற மாணவர்கள் இவரைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். நன்றி."

உப்பளமே அவனைத் திரும்பிப் பார்த்தது.

"டேய், ஒம் பொண்ணுடா" என்றான் ராமதாஸ். "ஸ்டாராம்டா. டீ வாங்கிக் குடு."

பஞ்சநாதன் டீ வாங்கிக் கொடுத்தான். தான் சந்தோஷப்பட வேண்டுமா என்று பாஞ்சாலையிடம் கேட்டான். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள்.

"அவங்க சந்தோஷமாத்தான் சொல்றாங்க" என்றாள்.

அடுத்த வாரமும் மலர்கொடிதான் நட்சத்திரம். அதற்கடுத்த வாரமும். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு ஜிகினா அட்டை நட்சத்திரம் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் போட்டிக்கு வந்தார்கள். ஒருவன் இருமலை அடக்கி மயங்கி விழுந்தான். ஆறுதல் பரிசு கிடைத்தது. பஞ்சநாதன் தெருவில் அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து, மலர்கொடி பேசுகிறாளா என்று கேட்டான்.

"எங்களையே பேச வுட மாட்டாங்க மாமா. அது எப்டி பேசும்?" என்றது ஒரு பெண்.

அந்த மாதக் கடைசியில் செய்முறைத் திட்டம் வந்தது. வகுப்பில் பிள்ளைகள் செய்வதைப் பெற்றோர் அறிந்தால் மட்டும் போதாது, பங்கெடுக்கவும் வேண்டும் என்று சிவஞானம் நினைத்தார். தலைப்பை அவரே கொடுத்தார். 'நம் ஊர் ஒலிபெருக்கி.' ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒலிபெருக்கியின் மாதிரி செய்துகொண்டு வர வேண்டும். தெர்மகோல் விரும்பத்தக்கது.

தெர்மகோல் திண்டிவனத்தில் கிடைத்தது. போய்வர ஒருநாள் வேலை போகும். பஞ்சநாதன் பனை ஓலையைச் சுருட்டிக் கூம்பு பண்ணினான். கம்பத்துக்குத் துடைப்பக் குச்சி. மலர்கொடி எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். கூம்பின் வாயைச் சேர்த்து ஒட்டும்போது பசை காயும்வரை பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் கை நீட்டி வாங்கிப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் பிடித்திருந்தாள். பசை காய்ந்தபிறகும் விடவில்லை.

"இதுல பேசலாம், தெரியுமா" என்றான் அவன்.

அவள் கூம்பைத் தூக்கிக் கண்ணில் வைத்து அவனைப் பார்த்தாள்.

கண்காட்சிக்கு மட்டும் பெற்றோரை உள்ளே விட்டார்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, பள்ளி முழுவதும் ஒலிபெருக்கிகளாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் பெற்றோர் செய்ததைப் பெற்றோருக்கு விளக்கியது. மலர்கொடியின் முறை வந்தது. அவள் பனை ஓலைக் கூம்புக்குப் பக்கத்தில் நின்றாள். பஞ்சநாதன் எதிரில் நின்றான். சிவஞானம் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"பாத்தீங்களா" என்றார் சிவஞானம் மெல்ல. "சொல்லாம சொல்றா. நாங்க டிரெய்னிங்ல இதத்தான் சொல்லித் தர்றோம். பாதி பேருக்கு வர மாட்டேங்குது."

கைதட்டினார்கள். பஞ்சநாதனும் தட்டினான். தட்டுகிற கைகள் தன்னுடையவையா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

கண்காட்சி முடிந்து கூட்டம். சிவஞானம் எழுந்து பேசினார். "ஒரு காலத்துல பெற்றோருக்கு எதுவும் தெரியாது. புள்ளைய அனுப்புவாங்க, சாயங்காலம் புள்ள வந்துடும். அவ்வளவுதான். இன்னிக்கு நெலமை என்ன? புள்ள வரலன்னாகூட அது என்ன படிச்சுதுன்னு ஒங்களுக்குத் தெரியும். இதான் எங்க சாதனை." மறுபடி கைதட்டல். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். கேட்கச் சொல்லி அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பஞ்சநாதன் எழுந்தான். கூட்டத்தில் அவன் எழுந்து நின்றது அதுதான் முதல்முறை.

"எம் பொண்ணு கிளாஸ்ல பேசுதாங்களா சார்?"

"நல்ல கேள்வி" என்றார் சிவஞானம். "ரொம்ப முக்கியமான கேள்வி. பேசறது ஒரு திறன். கேட்டல், அடங்குதல், வாசித்தல், எழுதுதல், அதுக்கப்பறம் பேசுதல். நாம இப்ப அடங்குதல்ல இருக்கோம். பேசுதல் வர்றப்ப கண்டிப்பா அறிவிப்போம். நீங்க வந்து கேக்கணும்னே அவசியமில்ல."

"எப்பங்க சார் வரும்?"

"அது அடுத்த நிதியாண்டு."

பஞ்சநாதன் உட்காரவில்லை. "இப்பவே பேசுதா இல்லியான்னு மட்டும் டீச்சர் சொன்னா..."

எல்லாரும் சகாயசெல்வி டீச்சரைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த தாளில் எழுதுவதை நிறுத்தினாள். மறுநாள் தகவல் அது.

"மலர்கொடியா? அவளால ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றாள். பிறகு நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது. "எனக்குத் தெரியலீங்க. பேசுனா கேட்டிருக்கும்னு நெனைக்கிறேன்."

சிவஞானம் நன்றியுரைக்குப் போய்விட்டார்.

பாண்டிக்குப் போவதென்று பஞ்சநாதன் முடிவு செய்தான். படுக்க வைத்தால் கூடவே ஆள் இருக்க வேண்டும். மேஸ்திரியிடம் கேட்டான். உப்பு வாருகிற பருவம் மழைக்கு முன்னால் முடிந்துவிடும், இப்போது போனால் திரும்பி வரும்போது பாத்தியில் வேறு ஆள் நிற்பான், கோபித்துக்கொள்ளாதே என்றார் மேஸ்திரி. கோபித்துக்கொள்ள அவனுக்கு ஒன்றுமில்லை. கிளியனூரிலிருக்கும் அக்காளிடம் ஒரு பை கேட்டு வாங்கி வந்தான். அதில் மலர்கொடியின் பாவாடைகளை மடித்து வைத்தான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வார வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தான்.

செப்டம்பரில், ரிப்போர்ட்டுக்குச் சில நாள் இருக்கும்போது, சகாயசெல்வி டீச்சர் மைக்கை அணைக்க மறந்தாள்.

சைரன் வழக்கம்போல ஊதியது. "மூன்றாம் வகுப்பில் இன்று நான்காம் வாய்ப்பாடு நடத்தப்பட்டது. நன்றி" என்றது கூம்பு. ஆனால் வழக்கமான டக்கென்ற சத்தம் வரவில்லை. பெஞ்சு இழுபடுகிற ஓசை வந்தது. யாரோ தும்மினார்கள். உப்பளத்தில் முதலில் யாரும் கவனிக்கவில்லை.

"சார், நாளைக்கு எழுதறதுக்கு ஒன்னுமில்ல" என்று டீச்சரின் குரல் பரந்த வெளியெங்கும் கேட்டது. "நாலாம் வாய்ப்பாடே இன்னும் நடத்தல."

"அஞ்சாம் வாய்ப்பாடு நடத்தப்பட்டதுன்னு எழுதுங்க." இது தலைமையாசிரியர். "நடத்தறத அப்பறம் பாத்துக்கலாம். எங்க ஓடிப் போவுது?"

பாஞ்சாலை கூடையோடு நின்றுவிட்டாள். "யாருடா அது, எச்.எம்மா?"

"எச்.எம்முதான்க்கா. இப்பதான் நல்லா கேக்குது" என்றான் ராமதாஸ். பாத்தி பாத்தியாக ஆட்கள் நிமிர்ந்தார்கள். திட்டம் தொடங்கியதிலிருந்து இத்தனை பேர் கூம்பைக் கேட்டதில்லை.

"சிவஞானம் சார் போன் பண்ணாரா?" என்றது டீச்சரின் குரல்.

"பண்ணாரு. நூறு சதவீதம் அறிந்த பெற்றோர்னு போட்டுட்டாராம். அந்த உப்பளத்தான் மட்டும் மறுபடி எந்திரிச்சு எதுனா கேக்காம இருக்கணும்."

சிலர் சிரித்தார்கள். பஞ்சநாதன் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. பலகையை இழுத்தான். அப்போது கூம்பிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. கொஞ்சம் கம்மிய குரல்.

"டீச்சர், ஒன்னுக்கு."

பலகை நின்றது.

"எழுதினு இருக்கேன்ல? உக்காரு. யாரா இருந்தாலும் வாயில வெரல்."

"டீச்சர், ஒன்னுக்கு."

"யாருடி அது... மலர்கொடியா?" டீச்சரின் குரல் ஒரு கணம் தடுமாறியது. "ஏன்டி, நீயா பேசுன? நீயே இப்டி பண்ணா மத்ததெல்லாம் என்னா பண்ணும்? ஸ்டார வேற குத்திக்கினு... ஐயோ, சார், மைக்கு!"

டக்.

உப்பளத்தில் கூடைகள் இறங்கின. எல்லாரும் பஞ்சநாதனைப் பார்த்தார்கள். அவன் பலகையை இழுக்க ஆரம்பித்தான். இழுத்த இடத்திலேயே திரும்ப இழுத்தான். உப்பு தீர்ந்து பலகையில் சேறு வந்தது. அதையும் இழுத்து வெள்ளைக் குவியலின்மேல் சேர்த்தான். தூரத்திலிருந்து மேஸ்திரி கத்தினார். அவன் காதில் விழவில்லை. பாஞ்சாலை வந்து கம்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்பா. ஒம் பொண்ணு பேசிச்சுப்பா."

"ஆமாங்க்கா" என்றான். யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னான்.

மறுநாள் காலையில் சைரன் இரண்டு தடவை ஊதியது.

"அன்பான பெற்றோர்களே. நேற்று முற்பகல் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒலிபரப்பான சத்தங்கள் தகவல் அல்ல. அவை முன் ஒப்புதல் பெறாதவை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்காததாகக் கொள்ளவும். மாலை அவசரக் கூட்டம். நன்றி."

கூட்டத்துக்கு சிவஞானம் சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கோபமாக இல்லை. வருத்தமாக இருந்தார்.

"நாங்க இவ்வளவு நாளா கஷ்டப்பட்டு ஒங்களுக்குத் தகவல் குடுத்துக்கினு இருக்கோம். நேத்து நடந்தது விபத்து. கிளாஸ்ரூம்ல ஆயிரம் சத்தம் வரும். அதெல்லாம் கேட்டா ஒங்களுக்குத்தான் கொழப்பம். வகுப்புல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கறது வேற. வகுப்புல நடக்கறது வேற. சரிங்களா?"

சரி என்றார்கள்.

"நேத்து எதுவும் கேக்காதவங்க கை தூக்குங்க."

எல்லாரும் தூக்கினார்கள். ராமதாஸ் இரண்டு கையையும் தூக்கினான். பஞ்சநாதன் தன் வலது கையைப் பார்த்தான். உப்பு அரித்து வெடித்திருந்தது. தூக்கலாம் என்றுதான் நினைத்தான். தூக்கினால் முடிந்துவிடும், வீட்டுக்குப் போகலாம். கை வரவில்லை.

"நீங்க தூக்கல" என்றார் சிவஞானம்.

"கேட்டங்க சார்."

"என்ன கேட்டீங்க?"

"எம் பொண்ணு ஒன்னுக்குப் போவணும்னுதுங்க."

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. சிவஞானம் கை காட்டி அடக்கினார். "அது தகவல் இல்லப்பா. பாடத்துல வராது, நோக்கத்துல வராது. அது எங்கயுமே வராது. ஒனக்கு என்ன பிரயோஜனம்? நான் ரிப்போர்ட்ல நூறுன்னு போட்டுட்டேன். சும்மா கைய தூக்கு."

"செரிங்க சார்" என்றான் பஞ்சநாதன். தூக்கவில்லை.

சிவஞானமும் தலைமையாசிரியரும் மூலையில் நின்று கலந்து பேசினார்கள். ஒரே ஒருவர் அறியாத பெற்றோராக இருந்தால் நூறு கெட்டுவிடும். கூம்பில் வந்ததைக் கேட்டவரை அறியாதவர் என்று எழுத முடியாது. அறிந்தவர் என்று எழுதினால் அவர் அறிந்தது தகவல் இல்லை. கடைசியில் சிவஞானத்துக்கு வழி தெரிந்தது. ரிப்போர்ட் போகும்வரை பஞ்சநாதனைப் பெற்றோர் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். ஒருவரும் எதிர்க்கவில்லை. பஞ்சநாதனிடம் வந்து, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னார்.

மறுநாள் உப்பளத்திலிருந்து வந்த பஞ்சநாதன் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் சன்னலோரம் நின்றான். தலைமையாசிரியர் விரைந்து வந்தார்.

"எத்தினி தடவ சொல்றது? பெற்றோர் இங்க நிக்கக் கூடாதுப்பா."

"நான் இல்லீங்களே சார்" என்றான் பஞ்சநாதன்.

தெய்வசிகாமணி விதிகளை நினைத்துப் பார்த்தார். பெற்றோர் அல்லாதவர் சன்னலில் நிற்பதைப் பற்றி விதி எதுவும் இல்லை. ஆடுமாடுகூட நிற்கும். அவர் கொஞ்ச நேரம் அவனோடு சேர்ந்து நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

கோணி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு வாயில் விரல் வைத்திருந்தது. பஞ்சநாதன் மணி அடிக்கும்வரை நின்றான்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மலர்கொடியின் சட்டையில் நட்சத்திரம் இல்லை. குத்தியிருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். இருவரும் உப்பள வரப்பில் நடந்தார்கள். அவள் முன்னால், அவன் பின்னால். பாத்திகளில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

நேற்றும் அதற்கு முந்தைய நாளும் அவன் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஒருவேளை வந்த பேச்சு போய்விடும் என்று இருந்தது. இப்போது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அன்னிக்கு டீச்சர் வுட்டாங்களா?"

அவள் நடந்தாள். பின்னால் பள்ளிக்கூடத்தில் சைரன் ஊதியது. சாயங்கால மறு ஒலிபரப்பு. பாத்தியில் நின்றிருந்த ஒரு கொக்குகூட அசையவில்லை.

"வுடல" என்றாள்.

பஞ்சநாதன் நிற்கவில்லை. நின்றால் அவளும் நின்றுவிடுவாள் என்று நடந்தான்.

"அப்பறம் என்னா பண்ண?"

"அன்பான பெற்றோர்களே" என்றது கூம்பு. "மூன்றாம் வகுப்பில் இன்று..." அவள் என்னவோ சொன்னாள். கேட்கவில்லை.

"என்னாம்மா?"

அவள் திரும்பினாள். கூம்பைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"அடக்கிக்கினு இருந்தேன்."